நூற்று எண்பத்தெட்டாவது வரி

வியாழக்கிழமை காலை எட்டரைக்கே அந்தச் சனியன் முதல் தடவையாக நின்றுவிட்டது. சனியன் என்று நான் சொல்வது எங்கள் கவுண்டி, அதாவது மாவட்ட, அலுவலகத்து வரைபட ஸ்கிரிப்டை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, டேரில் என்கிறவன் பத்து வருஷத்துக்கு முன் எழுதிவைத்த கட்டளைப் பட்டியல் அது. ஆற்றோரத்து வீடுகள் இருநூற்றுப் பதினான்கின் வாசல்படி மட்டத்தையும் ஆறு எவ்வளவு ஏறும் என்று வானிலைக்காரர்கள் சொன்ன எண்ணையும் ஒப்பிட்டு, எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் புகும் என்று வரிசை போட்டு, வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுக்கும். கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு அது கொடுத்தே ஆகவேண்டிய நாள். வடக்கே பனிக்கட்டி அடைத்துக்கொண்டதில், வடக்கு நோக்கி ஓடுகிற ரெட் ஆறு பின்னால் தேங்கி வயல்களில் ஏறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை உச்சம் என்றார்கள். கடல் மட்டத்திலிருந்து எண்ணூற்று எழுபத்தொன்றரை அடி. ராணுவப் பையன்கள் மணல் மூட்டை லாரிகளோடு கவுண்டிக் கொட்டகையில் காத்திருந்தார்கள். இருந்த ஆளுக்கும் மூட்டைக்கும் பதினைந்து வீடுகளைத்தான் சுற்றி அடைக்க முடியும். இரண்டு மணிக்கு லாரி கிளம்பவேண்டும், சாயங்காலத்துக்குள் சரளைச் சாலைகள் முழுகிவிடும் என்று அவசரகால அதிகாரி கிளென் சொல்லிவிட்டான். எந்தப் பதினைந்து வீடு என்று சொல்லவேண்டியவள் மார்லிஸ் எக்லண்ட்.

நான் எதிர் அறையில் நிலப் பத்திரம் பதிகிறவள். எங்கள் பக்கத்துச் சாலை செவ்வாய்க்கிழமையே அறுந்துவிட்டதால் மார்லிஸ் வீட்டு மாடி அறையில்தான் மூன்று நாளாக இருந்தேன். பத்திரம் பதிய யார் வரப்போகிறார்கள், ஆகவே அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காபி ஊற்றிக் கொடுப்பதை என் உத்தியோகமாக வைத்துக்கொண்டேன். கீழே அலுவலக நிலவறையில் ஊறுகிற தண்ணீரை இறைக்கும் பம்பின் சத்தம் நாற்காலிக் கால் வழியாக ஏறி முதுகுக்கு வந்துகொண்டிருந்தது.

"கோப்பு இல்லைங்குது," என்றாள் மார்லிஸ். "கண்ணு முன்னாடி உக்காந்திருக்கு. தொட்டா திறக்குது. இதுகிட்ட கேட்டா இல்லைங்குது."

குளிர்காலத்தில் வெளியூரிலிருந்து கம்ப்யூட்டர்காரர்கள் வந்து எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ஸ்கிரிப்டோ இன்னும் டேரில் பெயர் போட்ட பழைய ஃபோல்டரைத்தான் தேடிக்கொண்டிருந்தது. டேரிலே ஓய்வுபெற்று அரிசோனாவுக்குப் போய் நாலு வருஷமாகிறது. அவனுக்கே போன் போட்டாள். கோல்ஃப் மைதானத்திலிருந்து பேசினான். அங்கே எண்பத்தைந்து டிகிரி வெயிலாம். அதை இரண்டு தடவை சொன்னான். பிறகு, நாற்பதாவது வரியில் பாதையை மாற்று, இன்னும் மூன்று இடத்தில் இருக்கும், எங்கே என்று ஞாபகமில்லை என்றான்.

நான்கு இடத்திலும் தேடிப் பிடித்து மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி இல்லை என்றது. அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, வந்த புண்ணியவான்கள் புது ஃபோல்டரின் பெயரில் இரண்டு சொல்லுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். டேரில் எழுதின கட்டளை முதல் சொல்லைப் படித்துவிட்டு அதோடு பெயர் முடிந்தது என்று நின்றுவிடுகிறது. ஒரு வெற்றிடம். அதற்குள் மணி பத்தே கால்.

பெயரை ஒட்டி எழுதியதும் ஓடியது. முழுசாக ஒரு நிமிஷம் ஓடியது. நான் காபிக்கு எழுந்தேன். சிவப்பு எழுத்தில் இன்னொன்று வந்து விழுந்தது. வேறு யாரோ இந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், எழுத முடியாது என்று.

யார் என்று அது சொல்லாது. சொன்னால் அதன் கௌரவம் என்ன ஆவது! நாங்கள் இருவரும் மூன்று மாடியும் ஏறி இறங்கினோம். வரி அலுவலகத்தில் கேட்டோம், சாலைத் துறையில் கேட்டோம், ஷெரிப் அறையில்கூடக் கேட்டோம். எல்லோரும் நாங்கள் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். கடைசியில் கிளென் அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், அவனுடைய பெரிய திரையில் எங்கள் வரைபடம் ஜம்மென்று விரிந்திருக்கிறது. அறை பூட்டியிருக்கிறது. ஆள் எதிரே லூத்தரன் சர்ச்சில், மூட்டை கட்டுகிறவர்களுக்காகப் பெண்கள் ஆக்கிவைத்த சாப்பாட்டுக்குப் போயிருக்கிறான்.

மார்லிஸ் கோட்டுகூடப் போடாமல் தெருவைத் தாண்டினாள். உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் என்கிற இறைச்சிக் கலவையைத் தட்டு நிறைய வைத்துக்கொண்டு கிளென் உட்கார்ந்திருந்தான்.

"நான் ஒண்ணும் பண்ணலியே மார்லிஸ்," என்றான். "சும்மா திறந்து வச்சிருக்கேன். கமிஷனருங்க வந்தா காட்டலாம்னு."

"அதான் கிளென் நீ பண்ணது. நீ சும்மா வச்சிருக்கற வரைக்கும் நான் சும்மா இருக்கணும். சாவியக் குடு."

சாவியைக் கொடுத்தான். நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் போயேன் என்றான். அவள் பார்த்த பார்வையில் அடுத்த வாயை அவன் மெல்லாமல் விழுங்கினான்.

திரும்பி வந்து மூடி, ஓட்டினோம். பன்னிரண்டு பத்து. இந்தத் தடவை கீழே எண்கள் ஏறிக்கொண்டே போயின. ஐம்பது, நூறு, நூற்று ஐம்பது. மார்லிஸ் விரல் நகத்தைக் கடித்தாள். எனக்கு வாய்விட்டு எண்ண வேண்டும்போல இருந்தது, ராசி கெட்டுவிடும் என்று எண்ணவில்லை. நூற்று எண்பத்தேழு வரை போய்ப் பொத்தென்று நின்றது. எண் எதிர்பார்க்கப்பட்டது என்று ஒரே ஒரு வாசகம். எந்த எண், எங்கே, எதற்கு, ஒன்றும் கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் திரையை எடுத்து நிலவறைத் தண்ணீரில் போட்டிருப்பேன்.

ஓடின வரைக்கும் ஒரு அரைகுறைப் பட்டியலைத் துப்பியிருந்தது. மீதி வீடுகள் பெரும்பாலும் மேட்டுப் பக்கத்துச் சாலைகளில் இருப்பவை, அங்கே தண்ணீர் ஏற வழியில்லை. ஆகவே முதல் பதினைந்து ஏறக்குறைய தெரிந்துவிட்டது. பதினைந்தாவது வெர்னன் ஸ்கார். மார்லிஸ் வீட்டிலிருந்து ஒரு மைல். அவன் மனைவி ஆர்டிஸ் இரண்டு வருஷமாக ஆக்சிஜன் மெஷினோடு கீழ்த்தளத்தில் படுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், சாவதானால் என் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சாகிறேன் என்று கிளெனிடம் நேரிடையாகச் சொன்னவள்.

"இதையே குடுத்திடேன்," என்றேன். "மணியப் பாரு."

மார்லிஸ் வீட்டு அட்டவணையைத் திறந்து நூற்று எண்பத்தெட்டாவது வரிக்குப் போனாள். வாசல்படி மட்டம் என்கிற கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் விலாசம். பதினேழாம் சாலை, நாலாயிரத்து நானூற்றுப் பத்து. மூன்று நாளாக நான் தூங்கி எழுந்துகொண்டிருந்த வீடு.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எப்படிக் காலியானது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. போன அக்டோபரில் நகரத்திலிருந்து ஒரு சர்வேயர் வந்து வீடு வீடாக அளந்தான். அவன் வந்த நேரம் ஆரின் பீட்ரூட் லாரிமேல் நின்றுகொண்டிருந்திருக்கிறான். ஆரின் என்றால் மார்லிஸின் கணவன். எங்களுக்கென்ன, நாங்க நல்லாத்தான் இருக்கோம், கஷ்டப்படறவங்க வீட்டைப் போய்ப் பாருங்க என்று சொல்லியிருக்கிறான். சர்வேயர் இன்னொரு தடவை கேட்டிருக்கிறான். இன்னொரு தடவை வேண்டாம் என்றிருக்கிறான். எங்கள் பக்கத்தில் காபி கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், இரண்டாம் தடவை உங்களுக்கெதுக்கு சிரமம் என்பார்கள், மூன்றாம் தடவை கேட்டால்தான் அரைக் கோப்பை என்பார்கள். நகரத்துக்காரனுக்கு இது எங்கே தெரியும்? இரண்டு தடவை கேட்டதே அதிகம் என்று நினைத்துக்கொண்டு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அரிசோனாவுக்கு மறுபடி போன். டேரிலுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. காலியா இருந்தா தாண்டிப் போன்னு ஒரு வரி சேர்த்துக்க, சொல்றேன் எழுதிக்க, என்றான்.

"தாண்டிப் போனா அந்த வீடே இல்லைன்னு அர்த்தம் டேரில்," என்றாள் மார்லிஸ்.

"யாரு வீடு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அவள் தவிப்பு எனக்குப் புரிந்தது. தாண்டிப் போகச் சொன்னால் தன் வீட்டைத் தானே ஆற்றில் விட்டமாதிரி. எண்ணைப் போட்டு, வீடு பட்டியலில் வந்தால், கவுண்டி வரைபடக்காரி கடைசி நிமிஷத்தில் தன் வீட்டைச் செருகிக்கொண்டாள் என்று ஊர் பேசும். முகத்துக்கு நேரே யாரும் பேசமாட்டார்கள். அதுதான் இன்னும் கொடுமை.

மணி பன்னிரண்டு ஐம்பது. ஆரினைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், கை இரண்டும் விசைப்பலகையில் இருந்ததால்.

"வாசப்படி மட்டம் வேணும் ஆரின். உன் லேசர் லெவல எடுத்து, பாலத்துல உசரம் குறிச்சிருக்கற பித்தளைத் தகட்டுலேர்ந்து மட்டம் பிடிச்சிட்டு வந்து சொல்லு. வயலுக்குக் குழாய் பதிக்க மட்டும் பிடிக்கத் தெரியுதில்ல?"

"நமக்கெதுக்கு? நாம நல்லாத்தான்..."

"அந்த வார்த்தையச் சொல்லாத. நல்லாத்தான் இருக்கோம்னு நீ சொன்ன ஒரு சொல்லாலதான் இந்த மெஷின் நூத்தி எண்பத்தெட்டுல செத்துக் கெடக்கு. எனக்கு வேண்டியது எண்ணு."

ஆரின் மெதுவாகக் கேட்டான்.

"வெர்னன் எங்க வர்றான்?"

சொல்லியிருக்கக் கூடாது. பட்டியல் வெளியாகும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது சட்டம். ஆனால் முப்பது வருஷமாகக் கூட வாழ்கிறவனிடம் எதைப் பார்த்துப் பேசுவது.

"பதினஞ்சு. கடைசி ஆளு," என்றாள்.

"சரி. பிடிச்சிட்டுக் கூப்பிடறேன்."

இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷத்தில் கிளென் மூன்று தடவை வந்து கதவில் சாய்ந்து நின்றுவிட்டுப் போனான். மூன்றாம் தடவை பேப்பர் தட்டில் எலுமிச்சை பார் என்கிற இனிப்பு நாலு துண்டு கொண்டுவந்து வைத்தான், சமாதானத்துக்கு. போன் அடித்தது.

"எண்ணூத்தி எழுபத்திரண்டு, புள்ளி நாலு," என்றான் ஆரின். அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

உச்சத்துக்கு மேலே ஏறக்குறைய ஒரு அடி. மார்லிஸ் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தாள். எண்ணைத் தட்டினாள். ஓட்டினாள். நூற்று எண்பத்தெட்டைச் சாதாரணமாகத் தாண்டி இருநூற்றுப் பதினான்கு வரை போய், பச்சை எழுத்தில் முடிந்தது என்று சொன்னது. பிழை எதுவும் இல்லை. காலையிலிருந்து முதல் தடவையாக அந்தத் திரையில் பச்சையைப் பார்க்கிறோம். இருவரும் பைத்தியக்காரிகள்போலச் சிரித்தோம். எலுமிச்சை பாரை ஆளுக்கு இரண்டாகத் தின்று தீர்த்தோம். ஒன்று நாற்பதுக்கு வரைபடம் கிளென் கையில் இருந்தது. இரண்டுக்கு லாரிகள் போயின.

நாலரைக்குக் கிளம்பினோம். பதினேழாம் சாலையில் இரண்டு பக்கமும் வயல் இல்லை, வானம்தான் படுத்திருந்தது. வேலிக் கம்பங்கள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. மார்லிஸ் நல்ல மனநிலையில் இருந்தாள். சனிக்கிழமை தாண்டட்டும், அந்த ஸ்கிரிப்டை முதலிலிருந்து நானே எழுதப்போகிறேன், டேரில் பேர் ஒரு இடத்திலும் இருக்காது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் போனால் சமையலறை மேசை நிறைய மான் இறைச்சிப் பொட்டலங்கள். வெள்ளைக் காகிதத்தில் தேதி எழுதிக் கட்டினவை, உறைந்து கல்லாக. நாற்காலிகள்மேலும் அடுக்கியிருந்தது. நிலவறைப் படியில் முனகல் சத்தம் கேட்டது. ஆரின் காலி ஃப்ரீசரைத் தன்னந்தனியாகப் படிப்படியாக மேலே தள்ளிக்கொண்டிருந்தான். அறுபது வயசு, ஏற்கெனவே இடுப்பில் ஆபரேஷன் ஆனவன்.

மார்லிஸ் படி உச்சியில் நின்றாள்.

"எண்ணூத்தி எழுபத்திரண்டு புள்ளி நாலுன்னா அத ஏன் மேல ஏத்தற?"

ஆரின் ஃப்ரீசருக்குத் தோளைக் கொடுத்தபடியே நின்றான். "கொஞ்சம் தண்ணி வரலாம்னு தோணுது," என்றான்.

"நெசமா எவ்வளவு?"

"எழுபது சொச்சம்."

"சொச்சம் எவ்வளவு ஆரின்?"

நம்ம வீடு உள்ள வந்தா வெர்னன் பதினாறாவது ஆயிடுவான், ஆர்டிஸத் தூக்கிட்டு மாடிக்கு ஓட அவனால முடியுமா, நமக்கு என்ன, ஒரு ஃப்ரீசரும் துணி தோய்க்கற மெஷினும்தானே என்று ஃப்ரீசரைப் பார்த்துச் சொன்னான். ஃப்ரீசர் மட்டுமில்லை. கீழேதான் வீட்டைச் சூடாக்குகிற மெஷின் இருந்தது, மின்சாரப் பெட்டி இருந்தது, மகளுடைய கட்டிலும் புத்தகங்களும் இருந்தன. ஒரு அடி தண்ணீர் வாசல்படியைத் தாண்டினால் வீட்டுத் தரைப் பலகையும் போச்சு.

மார்லிஸ் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"காலையிலேர்ந்து அந்த மெஷினத் திட்டித் தீத்தேன்," என்றாள். "ஆனா அது எங்கிட்ட ஒரு பொய் சொல்லல. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லிட்டு நின்னுச்சு. நீதான் பொய் சொன்ன. நானும் அதத் தட்டி, பச்சையா வந்துச்சுன்னு சிரிச்சேன்."

"வெர்னனுக்கு நீ என்ன பண்ணியிருப்ப?"

"எனக்குத் தெரியாது. பதினாறு வேணும்னு கிளென் கழுத்தப் பிடிச்சிருப்பேன். என்னக் கேட்டிருக்கணும் நீ."

அவள் அழுதாள். கோபத்தில் வருகிற அழுகைதான். மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டு எழுந்து, இறைச்சிப் பொட்டலங்களைத் தள்ளி இடம் பண்ணி, மேசைமேல் போனை வைத்துக் கிளெனைக் கூப்பிட்டாள். ஆரின் படியிலிருந்து, வேணாம் மார்லிஸ், அவங்களே ஓடிக் களைச்சிருப்பாங்க என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

"கிளென், எங்க வீடு நல்லா இல்ல. வாசப்படி எழுபதுல இருக்கு. பட்டியல்ல வந்திருக்கணும், வரல."

கிளென் நொந்துபோன குரலில் சொன்னான். "அந்தப் பாழாப்போன ஸ்கிரிப்ட்தானே? காலையிலேர்ந்தே..."

அங்கே அவள் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கவுண்டி முழுக்க அதை நம்பியிருக்கும். மூன்று மாடியும் எங்கள் அலைச்சலைப் பார்த்ததுதான். ஆரின் தலையைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்கிரிப்ட்டுல தப்பில்ல," என்றாள் மார்லிஸ். "ஆரின் எனக்குத் தப்பான எண்ணு குடுத்தான். வெர்னன் வீடு போயிடக்கூடாதுன்னு. நான் சரிபாக்காம போட்டேன். இப்ப எங்களுக்கு ஆளு வேணும்."

லாரி எதுவும் கையில் இல்லை, ஆறரைக்கு மேல் உங்கள் சாலையில் லாரி ஏறாது, ரேடியோவில் சொல்லிப் பார்க்கிறேன் என்றான் கிளென். எங்கள் ஊரில் வெள்ளக் காலத்தில் எல்லா வீட்டிலும் கவுண்டி ரேடியோ ஓடிக்கொண்டேயிருக்கும். மார்லிஸ் சமையலறையிலும் ஓடியது. இரண்டு நிமிஷத்தில் கிளென் குரல் வந்தது. மார்லிஸ் சொன்னதை அப்படியே, ஒரு சொல் குறைக்காமல் சொன்னான், ஆரின் கொடுத்த எண் உட்பட. ஆரின் காதுவரை சிவந்துபோய் ஃப்ரீசர்மேல் உட்கார்ந்துவிட்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

முக்கால் மணி நேரம் யாரும் வரவில்லை. நானும் மார்லிஸும் மகளுடைய புத்தகங்களை மேலே கடத்தினோம். முற்றத்து விளிம்பில் புல் நனைந்து மினுங்கத் தொடங்கியிருந்தது.

பிறகு டிராக்டர் சத்தம் கேட்டது. சாலையில் அரைச் சக்கரம் முழுகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. பின்னால் பீட்ரூட் வண்டி நிறைய மூட்டை, மூட்டைமேல் நாலு ராணுவப் பையன்கள். ஓட்டிவந்தது வெர்னன். அவன் வீட்டை முடித்துவிட்டார்களாம், முந்நூறு மூட்டை மிச்சமாம். ஆர்டிஸோடு அவள் தங்கை இருக்கிறாளாம். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு டிராக்டர் விளக்குகள் தெரிந்தன.

ஆரின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனான். நீ ஆர்டிஸ் பக்கத்துல இருக்க வேண்டாமா, இவ்வளவு தூரம் எதுக்கு என்று ஆரம்பித்தான். வெர்னன் டிராக்டரிலிருந்து இறங்கக்கூட இல்லை.

"போய் அந்த லெவல எடுத்துட்டு வா ஆரின்," என்றான். "எவ்வளவு உசரம் அடுக்கணும்னு பாக்கணும். நீ அளவுக் கம்பத்தப் பிடிச்சாப் போதும். எண்ண நான் படிக்கறேன்."

ஆரின் எடுத்துவந்து, வாசல்படிமேல் கம்பத்தை நிறுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். வெர்னன் கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான். எண்ணூற்று எழுபது, புள்ளி மூன்று என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தான். மார்லிஸ் அதைக் கையில் எழுதிக்கொண்டு முதல் மூட்டையைத் தூக்கினாள்.